திறக்கப்படவில்லை

மொட்டை மாடியிலிருந்த ஐந்து தேனீப் பெட்டிகளும் ஆளுக்கு ஒன்றரை அடி நீளம். அவற்றின் உடல்நலத்துக்காக நடந்த திட்டத்தின் பெயர்ப்பலகை பன்னிரண்டு அடி. காற்றடித்தால் பெட்டிகள் அசையாது, பலகைதான் பேயாட்டம் ஆடும். அதை இழுத்துப் பிடித்துக் கைப்பிடிச் சுவரோடு கட்டுவது மோட்டார்காரரின் தலையில் விழுந்திருந்தது.

மோட்டார்காரர் என்றால் அந்தக் குடியிருப்பின் தண்ணீர் மோட்டாரைப் போட்டு நிறுத்துகிறவர். ஐந்து மாடி, நாற்பது வீடு. கீழே ஒரு தொட்டி, மேலே ஒரு தொட்டி, இரண்டுக்கும் நடுவில் படிக்கட்டில் அவர். லிஃப்ட் எந்திர அறையை ஒட்டி மாடியிலேயே ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அதில் அவரும் மனைவியும். மேல்தொட்டி வழிந்தால் திட்டு, வழியும் அளவுக்கு நிரம்பாவிட்டாலும் திட்டு என்பதால் பதினெட்டு வருஷத்தில் அவருக்கு உட்காரவே மறந்துபோயிருந்தது. சோற்றில் கை வைத்திருக்கும்போதும் ஒரு காது தொட்டிப் பக்கம் நிற்கும்.

“உங்களப் பெத்தவங்க கால்ல ஒரு மோட்டார வச்சுப் பெத்துட்டாங்க. சுவிட்ச வைக்கத்தான் மறந்துட்டாங்க” என்பாள் மனைவி.

திட்டத்தின் பெயர் நகர்ப்புறத் தேனீ உடல்நலக் கூட்டாய்வு. பல்கலைக்கழகம், மாநகராட்சி, கருவி செய்யும் கம்பெனி ஒன்று, சுற்றுச்சூழல் சங்கம் ஒன்று என்று நாலு பேர் கூட்டு. சேர்ந்து கேட்டால்தான் நிதி கிடைக்கும் என்று விதி இருந்ததால் சேர்ந்து கேட்டார்கள். கிடைத்ததும் தனித்தனியாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருவர் எண்ணியதை இன்னொருவர் நம்புவதில்லை. திங்கட்கிழமை பல்கலைக்கழகம் பெட்டியைத் திறந்து அடைகளை எடுத்து எடை போடும். செவ்வாய்க்கிழமை கம்பெனி திறந்து, உள்சூட்டை அளக்கும் கருவி உள்ளே சௌக்கியமாக இருக்கிறதா என்று பார்க்கும். புதன்கிழமை மாநகராட்சி திறந்து தேனீக்களின் முதுகில் ஒட்டியிருக்கும் உண்ணிகளை எண்ணும். வியாழக்கிழமை சங்கம் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து திறந்து படம் எடுக்கும். வெள்ளிக்கிழமை நாலு தரப்பும் ஒன்றாக வந்து, அந்த வாரம் பார்த்ததெல்லாம் சரிதானா என்று திறந்து சரிபார்ப்பார்கள்.

சனி, ஞாயிறு தேனீக்களுக்கு விடுமுறை.

முதல் மாதம் தேனீக்கள் கொட்டிப் பார்த்தன. இரண்டாம் மாதம் அலுத்துப்போய்க் கொட்டுவதையும் நிறுத்தின. மூன்றாம் மாதம், நல்ல வெயிலில், ஒன்றாம் பெட்டியின் கூட்டம் மொத்தமாக எழுந்து, தண்ணீர்த் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போயே போய்விட்டது. ‘கூட்டம் நகரின் பிற பகுதிகளுக்கு விரிவடைந்துள்ளது’ என்று அறிக்கை எழுதப்பட்டது. இரண்டாம் பெட்டியும் ஐந்தாம் பெட்டியும் அதேபோல விரிவடைந்தன. நாலாம் பெட்டியில் அந்துப்பூச்சி குடியேறியது. அதற்கு ‘பெட்டியில் உயிரினப் பன்மை கூடியுள்ளது’ என்று ஒரு வரி. மூன்றாம் பெட்டியில் மட்டும் ஒரு கைப்பிடித் தேனீ, ஊருக்குப் போக வண்டி கிடைக்காதவர்கள் மாதிரி, ஓர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன.

புதன்கிழமை காலை பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் தனியாக மாடியேறி வந்தார். வெள்ளிக்கிழமை நிதிக்குழு நேரில் பார்க்க வருகிறதாம். மூன்றாம் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார், மூடினார், மறுபடி தூக்கிப் பார்த்தார்.

“அண்ணே, இதுல ஒண்ணுமே இல்லையேண்ணே.”

“காலையில பத்துப் பதினஞ்சு கூட இருந்துச்சு சார். நீங்க திறக்கறதப் பார்த்துட்டு அதுவும் கிளம்பிடுச்சு போல.”

பேராசிரியர் சிரிக்கவில்லை. அவர் பார்வை தொட்டிக்குப் பின்னால் போனது. மோட்டார்காரர் ஓரடி நகர்ந்து குறுக்கே நின்றார்.

தொட்டிக்குப் பின்னால் ஆறாவதாக ஒரு பெட்டி இருந்தது. திட்டத்தில் சேராதது. ஒரு காலத்தில் அது குடியிருப்பின் புகார்ப் பெட்டி. கீழே பின்பக்கச் சுவரில், மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. கனமான மரம், நெற்றியில் ஒரு விரற்கடைத் துவாரம், தொங்கும் பூட்டு, வெள்ளை எழுத்தில் ‘புகார்ப் பெட்டி’. சாவி குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம். அவர் அதை ஆறு வருஷமாகத் திறக்கவில்லை. யாரும் திறக்காத, இருட்டான, மழை நனையாத பெட்டி என்றால் தேனீக்கு வேறென்ன வேண்டும்? இரண்டாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர் தண்ணீர் வரவில்லை என்று விவரம் தெரியாமல் ஒரு புகார் எழுதிப் போடப்போக, உதடு வீங்கித் திரும்பினார். கொளுத்திவிடச் சொன்னார் செயலாளர். மோட்டார்காரர் பழைய துணிகளைக் கொளுத்திப் புகை காட்டிவிட்டு, பெட்டியைச் சாக்கில் சுற்றி மாடிக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அன்றிலிருந்து அது மனைவியின் பெட்டி. அவள் ஆயத்த ஆடைக் கடைக்குச் சட்டைப் பொத்தான் தைத்துக் கொடுப்பவள். தினமும் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு, அந்தப் பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துதான் தைப்பாள். தைத்துக்கொண்டே அதனிடம் பேசுவாள். முதுகுவலி, கடைக்காரன் குணம், புருஷன் குணம், அறையின் ஒழுகல் எல்லாம் வரிசையாக வரும். “புகார்ப் பெட்டிதானே, வேற யார்கிட்டச் சொல்ல? அது ஒண்ணுதான் குறுக்கப் பேசாமக் கேக்குது.” இரண்டு வருஷத்தில் அதைத் திறந்ததில்லை, ஒரு சொட்டுத் தேன் எடுத்ததில்லை. அதன் வாசலில் வருவதும் போவதுமாக எந்நேரமும் சந்தைக் கூட்டம்.

“அண்ணே, அந்தப் பெட்டியில இருக்கற அடையையும் ராணியையும் எடுத்து மூணாம் நம்பர்ல வச்சுடுவோம்” என்றார் பேராசிரியர். “உங்களுக்குத்தான் கை கூசாம வரும். வெள்ளிக்கிழமை விடியறதுக்குள்ள முடிச்சுடுங்க.”

“சார், அது வீட்டுக்காரியோடது...”

“யாருதா இருந்தா என்ன? நிதி நின்னுபோச்சுன்னா திட்டம் போச்சு. அப்புறம் செயலாளர் இந்த மாடிய செல்ஃபோன் கோபுரத்துக்குக் குடுத்துடுவாரு, அவரே சொன்னாரு. அப்ப ஆறு பெட்டியும்தான் போகும். நிதி வந்தா மூணு வருஷத்துக்கு மாடிய யாரும் தொட முடியாது. உங்கள சமூகத் தேனீக் காப்பாளர்னு போட்டு ஒரு அடையாள அட்டையும் தர்றோம்.”

“வந்ததுக்கப்புறம் அந்தத் தேனீய வாரத்துக்கு எத்தன தடவை திறப்பீங்க சார்?”

“திட்டப்படிதான். அஞ்சு.”

மோட்டார்காரருக்கு யாரிடமும் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. நாற்பது வீட்டுக்கும் சரி சரி என்று சொல்லியே வளர்ந்த நாக்கு. “சரி சார்” என்றுவிட்டது.

அதற்குப் பிறகு அவருக்கு நிலைகொள்ளவில்லை. மோட்டாரைப் போட்டார், தொட்டி பாதி நிரம்பும்போதே நிறுத்தினார், மறுபடி போட்டார். மூன்றாம் மாடிக்காரர் எட்டிப் பார்த்து, “என்னய்யா, தண்ணிக்கு விக்கல் வந்துடுச்சா?” என்று கேட்டார்.

மதியம் மைத்துனன் சாப்பிட வந்தான். அவன் மாநகராட்சியில் கொசுப் புகை அடிப்பவன். தெருவுக்கே அவன் பெயர் ‘புகை’. எந்திரத்தைக் குழந்தை மாதிரி முதுகிலிருந்து இறக்கி நிழலில் வைத்துவிட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தான்.

“மாமா, வெள்ளிக்கிழமை காலைல ஏழு மணிக்கு உங்க தெருவுல புகை போடச் சொல்லி உத்தரவு. பெரிய ஆளுங்க வர்றாங்களாம், கொசு கடிக்கக் கூடாதாம்.”

“டேய், அவங்க வர்றதே தேனீயப் பாக்கறதுக்குடா” என்றாள் அக்கா.

“தெரியுங்கா. பூச்சிமருந்துப் புகை தேனீக்கு ஆகாதுன்னு போன மாசம் எங்க ஆபீஸ்லயே ஒரு சுற்றறிக்கை வந்துச்சு. ரெண்டுலயும் ஒரே அதிகாரி கையெழுத்துதான்.” முட்டையை உப்பில் தொட்டு முழுதாக வாயில் போட்டுக்கொண்டான். “ஒண்ணும் கவலப்படாத. எந்திரம் அன்னைக்கு ஸ்டார்ட் ஆகாது. அதுக்கும் உடம்பு சரியில்லாமப் போகலாம்ல?”

மோட்டார்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“என்னங்க, சோத்த ஏன் அந்தப் பாடு படுத்துறீங்க? அது ஏற்கெனவே வெந்ததுதான்.”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாமத்தான் காலையிலருந்து தொட்டிக்கும் படிக்கும் நடந்தீங்களா? அந்தப் புரஃபசரு வந்து என்ன சொல்லிட்டுப் போனாரு?”

அவர் சொன்னார். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அடை, ராணி, மூணாம் நம்பர், கோபுரம், அடையாள அட்டை எல்லாம் சொல்லி முடித்தார்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

அவர் தண்ணீர்ச் செம்பை எடுத்தார்.

“சரின்னுட்டு வந்திருப்பீங்க.”

“கோபுரம் வந்தா உன் பெட்டியும்தான போகும்? இதுல ஒண்ணாச்சும்...”

“ஒண்ணாச்சும் என்ன? கோபுரம் வந்தாத் துரத்துவாங்க. இவங்க வந்தா வைத்தியம் பாப்பாங்க. எது தேவலைன்னு அதுங்ககிட்டயே கேட்டுச் சொல்லுங்க.” தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “உங்க வாயில சரிங்கறதத் தவிர வேற வார்த்தையே கிடையாதா? என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவும் அப்படித்தான் தலையாட்டியிருப்பீங்க.”

“மாமா, அதுல மட்டும் கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்” என்றான் புகை.

“நீ சாப்புடுடா.”

அதற்குப் பிறகு ஒன்றரை நாள் அவள் அவரிடம் பேசவில்லை. பெட்டியிடம் பேசினாள். என்ன பேசினாள் என்று அவருக்குக் கேட்கவில்லை, ஆனால் வழக்கத்தைவிட நீளமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை விடியற்காலை கத்தி, வாளி, பூட்டை நெம்ப ஒரு திருப்புளியோடு தொட்டியைச் சுற்றி வந்தவர் அப்படியே நின்றார். அவள் அதற்கு முன்பே வந்து வாளிமேல் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள்.

“திறங்க” என்றாள், தலை நிமிராமல். “நான் தடுக்க மாட்டேன். ரெண்டு வருஷமா நான் சொன்னதெல்லாம் உள்ள இருக்கு. வெளிய வந்துச்சுன்னா நீங்கதான் கேக்கணும்.”

அவர் குனிந்து பூட்டைப் பிடித்தார். துரு விரலில் ஒட்டியது. மரத்துக்குள் அந்த நேரத்திலும் ஓர் இரைச்சல். கீழே மோட்டார் ஓடும்போது கைப்பிடிச் சுவரில் கை வைத்தால் உணர்வோமே, அதே அதிர்வு. எந்த எந்திரம் எப்போது நன்றாக ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியும். நன்றாக ஓடுகிற எந்திரத்தை அவர் ஒருநாளும் பிரித்ததில்லை. பிரிக்கிறவர்களை அவருக்குப் பிடித்ததுமில்லை. திருப்புளியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மோட்டார் போடப் போய்விட்டார்.

எட்டு மணிக்குப் பேராசிரியர் படியில் மடக்கினார்.

“ஆச்சாண்ணே?”

“இல்ல சார்.”

“ஏண்ணே?”

“முடியாது சார்.” சொன்ன பிறகு அவருக்கே காது அடைத்தது. யார் சொன்னார்கள் என்று திரும்பிப் பார்க்கலாம்போல இருந்தது.

நிதிக்குழு என்று வந்தது ஒரே ஓர் அம்மாள். மற்ற இருவருக்கும் வேறு கூட்டமாம். லிஃப்ட் வழக்கம்போல நின்றிருந்தது. அந்த அம்மாள் மாடிக்கு ஒரு தரம் நின்று முழங்காலைத் தடவிக்கொண்டு ஏறிவந்தார். பூங்கொத்தை வாங்கிக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தார். நாலு தரப்பும் நாலு வரவேற்புரை படித்தார்கள். செயலாளர் ஐந்தாவதாகத் தாமும் ஒன்று படித்தார், தேனீக்களும் இந்தக் குடியிருப்பின் உறுப்பினர்களே என்று. அதைக் கேட்க அங்கே உறுப்பினர்கள்தான் இல்லை.

அந்த அம்மாள் மூன்றாம் பெட்டியின் மூடியைத் தாமே தூக்கிப் பார்த்தார்.

“இந்நேரம் எல்லாம் பூவுக்குப் போயிருக்கும் மேடம்” என்றார் பேராசிரியர்.

“ராணியுமா?”

பேராசிரியர் மூடியை வாங்கி மூடினார்.

“வாரத்துல எத்தன தடவை திறக்கறீங்க?”

“அஞ்சு தடவை மேடம்!” இதற்காகவே காத்திருந்தவர்போல் கம்பெனிக்காரர் முந்திக்கொண்டார். “வேற எந்தத் திட்டத்துலயும் இவ்வளவு கவனிப்பு கிடையாது.”

அந்த அம்மாள் படிவத்தைப் புரட்டினார். “சரி, இது ஒண்ணு கேக்கணும், விதி. இங்க குடியிருக்கறவங்களுக்குப் புகார்ப் பெட்டி இருக்கா?”

“இல்லாம எப்படி மேடம்? ஆரம்பத்துலருந்தே இருக்கு” என்றார் செயலாளர், மூச்சு விடாமல்.

“எங்க?”

செயலாளர் வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். கடைசியில் மோட்டார்காரரைப் பார்த்தார். “யோவ் மோட்டாரு, எங்கய்யா வச்ச அத?”

அவர் தொட்டி ஓரத்தில் வாளிமேல் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தார். அவள் கையில் ஊசி அப்படியே நின்றது. எரித்துவிட்டேன் என்று சொன்னால் பெட்டி இன்றைக்குத் தப்பும், கோபுரம் வந்தால் நாளைக்குப் போகும். அவள் லேசாக, ஊசிமுனை அளவுக்கு, தலையை அசைத்தாள்.

“தொட்டிக்குப் பின்னால இருக்குங்க.”

எல்லாரும் தொட்டியைச் சுற்றி வந்தார்கள். ‘புகார்ப் பெட்டி’ என்ற எழுத்துக்கு மேலே, துவாரத்தில், தேனீக்கள் முட்டிமோதிக்கொண்டு போய்வந்தன. செயலாளரின் முகம் வெளுத்தது. தாம் கொளுத்தச் சொன்ன பெட்டி. இது தேன்கூடு என்றால் புகார்ப் பெட்டி இல்லை என்றாகும். புகார்ப் பெட்டிதான் என்றால்...

“திறந்து பாக்கலாமா?” என்றார் அந்த அம்மாள்.

“ஐயையோ, கூடாது மேடம்!” செயலாளர் குறுக்கே வந்து நின்றார். “புகாருங்கறது ரகசியம். பொதுக்குழுவுலதான் திறப்போம்.”

“பொதுக்குழு எப்பக் கூடுச்சு?”

“கூடும் மேடம்.”

அந்த அம்மாள் கைக்கடிகாரத்தையும் துவாரத்தையும் மாறிமாறிப் பார்த்தபடி முழுதாக ஒரு நிமிஷம் நின்றார். “நூத்தி நாலு உள்ள போச்சு” என்றார். பிறகு வாளிமேல் இருந்தவளிடம் திரும்பினார். “இத யாரும்மா பாத்துக்கறது?”

“யாரும் பாக்கறதில்ல மேடம். அதனாலதான் இப்படி இருக்கு.”

அந்த அம்மாளின் உதடு ஒரு பக்கமாக இழுபட்டது. படிவத்தில் எதையோ எழுதினார். எழுதியது இரண்டு வரிதான், ஆனால் அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஐந்து கனவான்களுக்கும் அது ஐந்து பக்கமாகத் தெரிந்தது.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. நிதி உண்டு. கோபுரம் இல்லை. இனி எந்தப் பெட்டியையும் மூன்று வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் திறக்கக் கூடாது, அதுவும் நாலு தரப்பும் ஒரே நேரத்தில். தொட்டிக்குப் பின்னாலுள்ள புகார்ப் பெட்டி மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, அதை மட்டும் யாரும், எக்காரணம் கொண்டும், திறக்கவே கூடாது.

மோட்டார்காரர் அன்று நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில், படியில், ஒரு கணம் உட்கார்ந்துகூடப் பார்த்தார்.

திங்கட்கிழமை பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நேராகத் தொட்டிக்குப் பின்னால் போனார்கள்.

“என்ன சார் இங்க?”

“பெட்டி திறக்கப்படலைன்னு சரிபார்க்கணும்ணே. அதுக்குத் தனியாத் துணைக்குழு போட்டிருக்கு.” பூட்டை இழுத்துப் பார்த்தார்கள், மூடியைத் தட்டிப் பார்த்தார்கள், துவாரத்தில் விளக்கடித்துப் பார்த்தார்கள். ‘திறக்கப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். செவ்வாய்க்கிழமை கம்பெனி வந்தது. பல்கலைக்கழகத்தின் கையெழுத்தை அது நம்பவில்லை. புதன்கிழமை மாநகராட்சி அரக்கு முத்திரை வைக்கப் பெட்டியை ஆட்டியது. வியாழக்கிழமை சங்கம் வந்து, திறக்கப்படாத பெட்டியோடு பள்ளிப் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்தது.

இரண்டாவது வாரம் அவள் தைப்பதை நிறுத்தினாள்.

“ஏங்க, உள்ள சத்தம் மாறிப்போச்சு. கேட்டீங்களா?”

அவர் மரத்தில் உள்ளங்கையை வைத்தார். தண்ணீர் இல்லாமல் ஓடும் மோட்டாரைப்போல் ஓர் இழுப்பு. “கிளம்பப் பாக்குதுங்க” என்றாள் அவள். “எனக்கே கிளம்பிடலாம்போல இருக்கு.”

அன்று மாலை மழை பிடித்தது. விடாமல் ஆறு நாள் அடித்தது. ஒரு தேனீ வெளியே வரவில்லை. மேற்பார்வைக்கும் யாரும் வரவில்லை. இரண்டு இனமும் நனைய விரும்பாதவை. நாலாம் நாள் மைத்துனன் தலையில் பாலிதீன் பையோடு ஏறிவந்தான். தோளில் எந்திரம் இல்லை, சாக்கில் சுற்றிய ஒரு பெட்டி.

“இந்தா மாமா. அதே மரம், அதே துவாரம், அதே எழுத்து. எங்க வார்டு ஆபீஸ்ல புகார்ப் பெட்டி நாலு சும்மா கிடந்துச்சு. ஒண்ணு காணோம்னு புகார் எழுதணும்னாலும் இதுலதான் போடணும்.”

மழையில், துவாரத்தில் ஒரு கை இலையைத் திணித்து, மூன்று பேரும் தேனீப் பெட்டியை ஐந்து மாடியும் இறக்கினார்கள். மோட்டார்காரர் படிக்குப் படி “மெதுவா, மெதுவா” என்றார். “இவ்வளவு பதமா என்னை ஒரு நாளாச்சும் கூட்டிட்டுப் போயிருக்கீங்களா?” என்றாள் அவள், மூச்சிரைக்க. பின்பக்கச் சுவரில் பழைய ஆணி அப்படியே இருந்தது. இத்தனை நாள் அடைமழையில் அடைந்துகிடந்தவை, இலையை ஒதுக்கிக்கொண்டு வெளியே வரும்போது புது வாசலைப் பழகிக்கொள்ளும். பழைய இடத்தை மறக்காத பத்துப் பதினைந்து மேலே போய்ச் சுற்றினால், துணைக்குழுவுக்குக் காட்ட அதுவும் நல்லதுதான். அரக்கு முத்திரையை ஒரு தகட்டால் பெயர்த்து, மேலே வைத்த காலிப் பெட்டியில் ஒட்டினான் புகை. அலுவலகத்தில் பழகிய கை.

பின்சுவரில் புகார்ப் பெட்டி மறுபடி தொங்குவதைச் செயலாளர் பார்த்தார். பார்த்துவிட்டு, அந்த வழியாகப் போவதையே விட்டுவிட்டார். குடியிருப்பவர்களும் எட்டியே நடந்தார்கள். அந்தப் பெட்டியில் எழுதிப் போட்டு எதுவும் நடந்ததில்லை, உதடு வீங்கியதைத் தவிர.

மழை விட்டதும் மேலே துணைக்குழு வந்தது. திங்கள் வந்தது, செவ்வாய் வந்தது. பூட்டை இழுத்தார்கள், முத்திரையைத் தடவினார்கள், ‘தேனீ நடமாட்டம் குறைவு, இயல்பானது’ என்று எழுதினார்கள். காலிப் பெட்டியின் கீழே நாலு கையெழுத்து: திறக்கப்படவில்லை, திறக்கப்படவில்லை, திறக்கப்படவில்லை, திறக்கப்படவில்லை.

கீழே, மோட்டார் கொட்டகைக்குள், மோட்டார்காரர் சுவிட்சை அணைத்துவிட்டு நின்றார். சுவருக்கு அந்தப் பக்கம் வாளி கவிழும் சத்தம். பிறகு அவள் குரல்.

“...இந்த மனுஷன் வாழ்க்கையில ஒரே ஒரு தடவை முடியாதுன்னு சொன்னாரு. அதுவும் எங்கிட்டச் சொல்லல, படியில யார்கிட்டயோ சொன்னாராம். எனக்குக் கேக்கக் குடுத்து வைக்கல...”

மேல்தொட்டி நிரம்பியிருக்கும். போய்ப் பார்க்க வேண்டும். அவர் கொட்டகையில் கிடந்த ஒரு பழைய குழாய்த் துண்டின்மேல் மெல்ல உட்கார்ந்து, சுவரில் காதை வைத்துக்கொண்டார். புகார் இன்னும் நிறைய இருந்தது.